உள்ளே இழுக்காத புகை

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் காபி மெஷின் பக்கத்தில் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், ஏதோ சம்பள உயர்வு விஷயம் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “அண்ணா, பைப் ஒண்ணு வாங்கிட்டேன். எப்படி ரொப்பறது, எப்படிப் பத்த வைக்கறதுன்னு ஒண்ணும் புரியல. ரெண்டு இழுப்புல அணைஞ்சிடுது. நாக்கு வேற எரியுது. உங்க கட்டுரையப் படிச்சிட்டுத்தான் வாங்கினேன். நீங்கதான் சொல்லித் தரணும்.”

அந்தக் கட்டுரை ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பைப் பிடிப்பது ஒரு தியானம், அவசர காலத்துக்கு எதிரான சின்னக் கலகம், சிகரெட்டைப் போல அடிமைத்தனம் கிடையாது என்றெல்லாம் பல பக்கம் எழுதியிருந்தேன். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில், நான் பைப்போடு அந்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதாகக் கட்டுரை முடியும். நல்ல பாராட்டு கிடைத்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் போன் பண்ணிப் பேசினார்கள். அவர்களும் வாங்கினார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

எழுதியவனே அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுரையில் தகவல் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் அது பொய்.

முதலில் பையன் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், “ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவன் புலம்பறான்” என்று யாராவது சொல்வார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். ஆறு வருடம் பிடித்திருக்கிறேன்.

பைப் பிரையர் மரத்தில் செய்தது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதரின் அடிவேர்க் கணு அது, லேசில் தீப்பிடிக்காது. புதுக் குழாயில் முதல் சில தடவை பாதிக் கிண்ணம்தான் நிரப்ப வேண்டும். உட்சுவரில் கரி படிந்து ஒரு மெல்லிய பூச்சாக வளர, அதுதான் மரத்தைக் காக்கும். புகையிலையை மூன்று தவணையாகப் போட வேண்டும். முதல் சிட்டிகையைக் குழந்தை அமுக்குவது போல, இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்தி, மூன்றாவதை ஆண்பிள்ளை விரலால் அமுக்குவது போல. நிரப்பிய பிறகு பற்ற வைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது இருக்குமே, அந்த அளவு தடை இருந்தால் சரி. தீக்குச்சிதான் உத்தமம். முதல் தடவை பற்ற வைத்தால் மேலே இருக்கும் இலை சுருண்டு எழும்பும்; அது சும்மா வெள்ளோட்டம். தட்டையான கம்பியால் மெல்ல அமுக்கி இரண்டாவது தடவை பற்ற வைக்க வேண்டும். பிறகு இழுக்கக் கூடாது, சப்பிக் குடிக்க வேண்டும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சுட்டால், கீழே வைத்துவிட வேண்டும். அணைந்தால் அணையட்டும். அடிச்சாம்பலைக் கொட்டி, தண்டுக்குள் கம்பித் திரி விட்டுத் துடைத்து, அந்தக் குழாய்க்கு ஒரு நாள் ஓய்வு.

எல்லாவற்றுக்கும் மேலே தங்க விதி ஒன்று உண்டு. புகையை உள்ளே இழுக்காதே. வாயில் வாங்கு, சுவைத்துப் பார், வெளியே விடு.

சொல்லும்போதே அழகாக இருக்கிறது, இல்லையா? அந்த அழகுதான் வினை. நான் பார்க்கிற வேலையில் இதற்கு ஒரு இணை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரிலிருந்து அலர்ட் வந்துகொண்டே இருக்கும். அலுத்துப்போன எஞ்சினியர் என்ன செய்வான் தெரியுமா? எதனால் வருகிறது என்று தேடமாட்டான். எத்தனை பிழை சேர்ந்தால் அலர்ட் அடிக்க வேண்டும் என்ற எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். மறுநாள் காலையில் எல்லாம் பச்சையாக இருக்கும். பைப் கற்றுக்கொடுக்கும் பாடம் மொத்தமும் இந்த எண்ணை ஏற்றுகிற வேலைதான்.

நாக்கு ஏன் எரிகிறது? ஈரப் புகையிலை வேகமாக எரியும்போது நீராவி கிளம்புகிறது, அது சுடுகிறது. புகையின் காரத்தன்மை வேறு மெல்லிய தோலை அரிக்கிறது. உடம்பு தன் மொழியில் வேண்டாம் என்கிறது. பாடம் என்ன சொல்கிறது? இலையைக் கொஞ்சம் உலர்த்து, மெல்ல இழு, இரண்டு நாள் விட்டுப் பிடி, மோர் குடி, நாக்கு பழகிவிடும். முதல் வாரத்தில் தலை சுற்றிக் குமட்டுகிறதா? வெறும் வயிற்றில் பிடிக்காதே, கூடவே இனிப்பாக எதையாவது குடி. சிகரெட் பிடிக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கு இருமல் வந்தால் கூட்டாளி முதுகில் தட்டி “பழகிரும்டா” என்பான். அதே வாக்கியத்தைத்தான் நாங்கள் மூன்று பக்கத்துக்கு, பிரையர் மரம், குழந்தை விரல் எல்லாம் சேர்த்துச் சொல்கிறோம்.

உள்ளே இழுக்காவிட்டால் நிகோடின் போகாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன ரசாயனம். சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை உள்ளது. அந்த நிலையில் நிகோடின் வாய்த்தோல் வழியாக அவ்வளவாக ஏறாது, நுரையீரலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதனால்தான் சிகரெட் பிடிப்பவன் நெஞ்சு நிறைய இழுக்கிறான். சுருட்டு, பைப் புகைகளில் காரத்தன்மை அதிகம். காரநிலையில் நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே நேராக ரத்தத்துக்குப் போய்விடும். நாங்கள் உள்ளே இழுக்காமல் இருப்பது கட்டுப்பாட்டினால் இல்லை, இழுக்க வேண்டிய தேவை இல்லாததால். நுரையீரல் வாங்க வேண்டிய அடியில் பெரும்பகுதியை வாய் வாங்கிக்கொள்கிறது.

இது எனக்கு அப்போதே தெரியும். கட்டுரையில் எழுதவில்லை.

இனி தோணிரேவுக்குப் போக வேண்டும்.

அம்மாவின் ஊர் அது. பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காடு போய், அங்கிருந்து ஏரிக்கரையோரம். சின்ன வயதில் எல்லா லீவும் அங்கேதான். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான்; கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டே போகலாம். எதிர்ப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது, கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அந்த ஏரியில்தான் வாழ்நாளில் பாதி. மீதிப் பாதியில் ஒரு பகுதியை விசாகப்பட்டினத்தில் போட்டில் கூலிக்குப் போய்க் கழித்தவர்.

முதல் தடவை பைப்போடு போனபோது மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாடா மாப்ள இது, நாதஸ்வரத்த ஒடச்சி வச்சாப்ல கீது” என்றார். விலையைக் கேட்டார். நாலாயிரம் என்றதும் அத்தைதான் வாயில் கை வைத்தாள். மாமா சிரிக்கவில்லை. “நல்ல மரம்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை அவரோடு படகில் போனேன். பனியும் வாடைக் காற்றும். நான் மூன்று தவணையாக நிரப்பினேன். ஒரு பெட்டி தீக்குச்சி காலி. வெள்ளோட்டமும் ஆகவில்லை, நிஜ ஓட்டமும் ஆகவில்லை. மாமா மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். குனிந்து, லுங்கி மறைப்பில் ஒரே குச்சியில் பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துக் கங்கு நன்றாகப் பிடித்ததும், அதைத் திருப்பி நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து உதட்டை மூடிக்கொண்டார். இரண்டு கையும் வலையில். பேச்சும் நிற்கவில்லை. பல் இடுக்கில் சுருட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

நான் வாயைப் பிளந்து பார்த்ததைக் கவனித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துச் சொன்னார். “வைசாக்ல கத்துக்கினது. காத்துல அணையாது, தண்ணி தெறிச்சாலும் அணையாது. ரெண்டு கையும் வலைக்கு வோணுமில்ல?”

எனக்கு அது பரவசமாக இருந்தது. தொழில் தேவையிலிருந்து பிறந்த நுட்பம், காற்றுக்கும் தண்ணீருக்கும் விடை! என் பைப்பை விட எவ்வளவு கச்சிதம் என்று ஒரு பத்தி எழுதலாம் என்றுகூட மனசுக்குள் குறித்துக்கொண்டேன். எழுதுகிறவனின் புத்தி அப்படி. ஆந்திரக் கடற்கரையில், முக்கியமாக ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் இது பரவலான பழக்கம் என்றும், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்றும் பிறகுதான் படித்தேன். 1960களின் பிற்பகுதியில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கின் பிண்ட்போர்க்கும் ஸ்ரீகாகுளம் கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் அபூர்வமாக வரும் மேலண்ணப் புற்றுநோய், அங்கே இப்படிப் புகைப்பவர்களிடம் சர்வசாதாரணமாக இருந்தது.

அன்றைக்குப் படகில் மாமா கேட்டார். “மேல்வாய்ல கொஞ்ச நாளா கரகரன்னு கீதுடா. ஒரு புண்ணு மாரி. ஒனக்கு இதுல வர்றதில்ல?”

நான் சொன்னேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “எனக்கும் வரும் மாமா. சூடு பட்டு வர்றது. ரெண்டு நாள் விட்டா சரியாயிரும், மோர் குடிங்க. நான் உள்ள இழுக்கறதில்ல, அதனால ஒண்ணும் ஆபத்தில்ல.”

மாமா சொன்னார். “நானுந்தான் உள்ள இழுக்கறதில்ல.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒன்பது மாதம் கழித்து அத்தை அம்மாவிடம் போனில் அழுதபோதுதான் தெரிந்தது. புண் ஆறவே இல்லை. மகன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் மாமா ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். “இன்ஜினியரே பாத்துட்டு சொல்லிட்டான், சூட்டுப் புண்ணு, ஆபத்தில்லன்னு.” நான் பார்க்கவே இல்லை. ஒரு டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. பைப் பழகும்போது நாக்கு எரிச்சலுக்கு நான் படித்த வைத்தியத்தை, ஒரு மனுஷனின் அண்ணத்துப் புண்ணுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். மேல்தாடையில் ஒரு பகுதியோடு சேர்த்து அண்ணத்தை வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. இப்போது ஓட்டையை அடைக்கப் பல்செட் மாதிரி ஒரு தகடு மாட்டியிருக்கிறார். அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். தகடு இல்லாமல் பேசினால் அத்தைக்கு மட்டும்தான் புரியும்.

கட்டுரை என்று இதை எழுத உட்கார்ந்தபோது, இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பைப் பிரியர்களை எனக்குத் தெரியும், நானே அவர்களில் ஒருவன். “அது சுருட்டு, அதுவும் நெருப்பை உள்ளே வைத்த சுருட்டு. நம்முடையது வேறு” என்பார்கள். வேறுதான். அதை ஒப்புக்கொண்டே பேசலாம்.

மாமாவின் மருத்துவமனைக்குத் துணைக்குப் போன சமயம், நானும் ஒரு பல் மருத்துவரிடம் வாயைக் காட்டினேன். என் மேலண்ணம் வெளுத்துத் தடித்திருந்தது. நடுநடுவே சிவப்புப் புள்ளிகள், எச்சில் சுரப்பிகளின் வாய்கள் வீங்கி நிற்பவை. பைப் பிடிப்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம், சூட்டினால் வருவது, பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் தானாகவே மறையும், இது மட்டும் புற்றாக மாறுவது அபூர்வம் என்றார். “ஆனா உங்க மாமாவுக்கும் இங்கதான் ஆரம்பிச்சிருக்கும். அவருக்கு நெருப்பு ஒரு இஞ்ச் கிட்ட இருந்துச்சு, உங்களுக்கு ஆறு இஞ்ச் தள்ளி இருக்கு. அவ்ளோதான்.” என் நாலாயிரம் ரூபாய் வாங்கித் தந்த வித்தியாசம் அந்த ஐந்து அங்குலம்.

அடுத்து, எங்கள் ஆட்களின் பிரம்மாஸ்திரம். 1964இல் அமெரிக்காவின் தலைமை அறுவை மருத்துவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, பைப் பிடிப்பவர்களின் மொத்த இறப்பு விகிதம் புகைக்காதவர்களை விடப் பெரிதாக அதிகம் இல்லை என்கிறது. உண்மை, அப்படித்தான் சொல்கிறது. நானும் அதை என் கட்டுரையில் பெருமையாக எடுத்துப் போட்டேன். அதே அறிக்கை, பைப் பழக்கம் உதட்டுப் புற்றுக்குக் காரணம் என்பது நிறுவப்பட்டுவிட்டதாகவும் சொல்கிறது. அந்த வரியை நான் எடுத்துப் போடவில்லை. அது ஒன்றும் புதுச் செய்தியும் இல்லை. 1795இலேயே ஜெர்மன் மருத்துவர் சோமரிங் பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதைக் குறித்து வைத்திருக்கிறார். சிகரெட் என்ற ஒன்று தொழிற்சாலையில் சுற்றப்படுவதற்கு முன்பே!

1964க்குப் பிறகு உலகம் நின்றுவிடவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1982இல் தொடங்கிப் பதினெட்டு வருடம் பின்தொடர்ந்த 1,38,307 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. பைப் மட்டுமே பிடித்தவர்கள் ஒரு பக்கம், எதையும் புகைக்காதவர்கள் மறுபக்கம். நுரையீரல் புற்றில் இறப்பு சுமார் 5 மடங்கு. வாய், தொண்டைப் பகுதியில் கிட்டத்தட்ட 4 மடங்கு. குரல்வளையில் 13 மடங்கு. சிகரெட்டை விடக் குறைவுதானே என்றால், ஆமாம், குறைவுதான். பத்தாவது மாடிக்குப் பதில் ஐந்தாவது மாடியிலிருந்து குதிக்க ஒருவன் கட்டுரை எழுதிக் கூப்பிடுவானா? நான் எழுதினேன்.

பிறகு ரஸ்ஸல் வருவார். தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், சாகும்வரை பைப், தொண்ணூற்றேழு வயது வரை வாழ்ந்தார். 1948இல் நார்வேயில் அவர் போன கடல்விமானம் கவிழ்ந்தபோது, புகைப்பவர்கள் பகுதியில் உட்கார்ந்திருந்ததால்தான் பிழைத்தார். மற்ற பகுதியில் இருந்தவர்கள் செத்தார்கள். பைப் பிடிப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதை ஒரு தடவையாவது வராமல் போகாது. நான் இதைப் பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். ஃப்ராய்ட் கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவரும் சுருட்டுதான். 1923இல் அண்ணத்திலும் தாடையிலும் புற்று. அதன் பின் பதினாறு வருடம், முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள், வாய்க்குள் ஒரு செயற்கைத் தகடு. அத்தனைக்கும் நடுவில் சுருட்டை அவரால் விட முடியவில்லை. மனித மனத்தின் ஆழம் பார்த்தவர் என்று நாம் கொண்டாடும் ஆள். வியன்னாவில் அவர் வாய்க்குள் இருந்த அதே மாதிரித் தகடுதான் தோணிரேவில் என் மாமா வாய்க்குள்ளும் இருக்கிறது.

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில்தான் என் தலைமுறை வாசகர்கள் பலர் சுங்கான் என்ற சொல்லையே கண்டோம். தாடிக்காரக் கிழவர் சுங்கானில் புகையிலையை அடைத்தபடி ஏதோ சொல்வார், அது ஞானமாகத்தான் இருக்கும். நம் கறுப்பு வெள்ளைப் படங்களில் பணக்கார அப்பா கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது வாயில் பைப் இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸைப் பாருங்கள். யோசிக்கும் துப்பறிவாளன் கையில் பைப். 1887இல் வந்த அந்த முதல் நாவலில், கொலைகாரன் கொலைக்களத்தில் விட்டுப்போனது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல்! நம் ஊர் இலை, நம் ஊர்க் கை சுற்றிய சுருட்டு, ஆங்கிலத்துக்கு ‘செரூட்’ என்ற சொல்லையே கொடுத்தது. கதையில் அதற்குக் கிடைத்த வேடம் அது. ஒரே செடிதான். வழவழப்பான மரத்தில் போட்டால் சிந்தனை, வெறுமனே சுருட்டினால் குற்றம்.

தோணிரேவில் மாமாவின் பழக்கத்தை எல்லோரும் கெட்ட பழக்கம் என்றுதான் சொன்னார்கள். அத்தை திட்டுவாள், கோயில் திருவிழாவில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். என் பழக்கத்தை யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரசனை என்றார்கள். அதனால் எச்சரிக்கையும் எனக்கு வரவில்லை. மாமாவுக்குக் காற்று, குளிர், தூக்கம், ராத்திரி கொசு என்று காரணமாவது இருந்தது. எனக்கு ஏசி அறையில் ஒரு நாற்காலி இருந்தது. இதைச் சொல்லி அவர் சுருட்டை நான் புனிதப்படுத்தப் போவதில்லை. படகில் ஒரு தடவை அதைச் செய்தது போதும். புற்றுக்கு யார் எதற்குப் புகைத்தார்கள் என்ற கணக்கு கிடையாது.

அந்த டச்சுக் கல்லறை விஷயத்தையும் முடித்துவிடுகிறேன், அதுதான் என் கட்டுரையின் மகுடம். டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டுக்கு வந்து, 1613வாக்கில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இடையில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றி, 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போகும்வரை இங்கே இருந்தவர்கள். ஹாலந்தின் கௌடா நகரத்து வெண்களிமண் பைப்புகள் அவர்கள் கப்பல் போன இடமெல்லாம் போயின. ஆகவே பழவேற்காட்டில் நான் பிடிக்கும் பைப் ஒரு நானூறு வருட மரபின் தொடர்ச்சி என்று எழுதினேன். எப்படிப்பட்ட மரபு? அந்தக் கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். அந்தக் கரையிலிருந்து அடிமைகளை பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதையெல்லாம் தாண்டி எனக்குப் பைப் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்து வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். அதில் ஒன்றின் பக்கத்தில் என் பைப்பை வைத்துப் படம் எடுத்தேன், கட்டுரையோடு அது வெளிவந்தது. டச்சு ஓவியர்களே மண்டையோட்டையும் அணைந்த மெழுகுவர்த்தியையும் பைப்பையும் ஒரே மேசையில் வைத்து, வாழ்க்கை புகை மாதிரிப் போய்விடும் என்று படம் வரைந்தவர்கள். அவர்கள் நானூறு வருடத்துக்கு முன்னால் வரைந்து காட்டியதை நான் என் போனில் மறுபடி எடுத்திருக்கிறேன், அர்த்தம் தெரியாமல்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை, 2016இல் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை. நல்லதுதான். ஆனால் பெட்டிக்கடைப் பாட்டிலிலிருந்து ஒற்றைச் சுருட்டாக எடுத்து மடியில் செருகுகிற மாமாவின் கைக்கு அந்தப் படம் எப்படி வந்து சேரும்? என் டின்னில் படம் இருந்தது. வாங்கியதும் இலையை எடுத்து அழகான மரப்பெட்டிக்கு மாற்றிவிடுவேன். டின்னில் வைத்தால் ஈரப்பதம் கெட்டுவிடும் என்று பாடத்தில் இருக்கிறதாம். நானே எனக்குச் சொல்லிக்கொண்டது அது.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு நீளமாக இல்லை, ஒரு காபி ஆறும் நேரத்துக்கு. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா அண்ணா, நீங்க ஆறு வருஷம் பிடிச்சும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றான். புத்திசாலிப் பையன். கோடிங் டெஸ்டில் முதலாக வந்தவன். மாமாவிடம் நான் பேசியபோது என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும். மரியாதையாக, தர்க்கமாக.

வேறு ஒன்று சொல்லித் தருகிறேன் என்றேன். ரெஸ்ட்ரூம் கண்ணாடி முன்னால் கூட்டிப்போய், போன் டார்ச்சைப் போடச் சொன்னேன். முதலில் உதட்டை வெளிப்பக்கம் புரட்டிப் பார். பிறகு இரண்டு கன்னங்களின் உட்புறம், விரலால் இழுத்து. நாக்கை நீட்டி இரண்டு ஓரமும். நாக்கைத் தூக்கி அடியில். கடைசியில் தலையை அண்ணாந்து மேலண்ணம். அது தானாகக் கண்ணில் படாத இடம், மெனக்கெட்டால்தான் தெரியும். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, கடினமான தடிப்பு, வாயைத் திறக்கச் சிரமம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்று எது இருந்தாலும் மோர் குடிக்காதே, டாக்டரிடம் போ. மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய். விட நினைத்தால் 1800-112-356, அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். நான் விட்டது அப்படித்தான், இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவையில்.

பையன் டார்ச்சை அண்ணத்துக்கு அடித்து, வாயைத் திறந்தபடியே “ஒன்னும் இல்லண்ணா” என்றான். பைப்பை என்ன செய்யப் போகிறான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு தோணிரேவுக்குப் போயிருந்தேன். மாமா இப்போது படகு ஏறுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து மகனுடைய வலையில் அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சில் பாதி மூக்கு வழியாக வருகிறது, எனக்கும் இப்போது பழகிவிட்டது. இப்படி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், உங்களைப் பற்றியும் வரும், எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கோ என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தகட்டை நாக்கால் ஒரு தடவை சரிபண்ணிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். “அன்னிக்கி படகுல நீ சொன்னதயும் எழுது.”